சும்மாடு

செருப்பு ஒன்றுதான் இருந்தது. ஜோடியைக் காணோம்.

இருந்த ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நான்கு வயதுப் பையன் கதவோரம் நின்றான். ஏழு வயது அக்காள் குளியலறை வாளிக்குள்கூடக் கைவிட்டுத் துழாவிவிட்டாள். அவர்களுடைய அம்மா பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி, துணிகளை ஒவ்வொன்றாக உதறிக்கொண்டிருந்தாள். குடும்பத் தலைவர் கட்டிலில் மல்லாந்து படுத்தபடி, தேடும் வேலையை மேற்பார்வை செய்துகொண்டிருந்தார்.

"கட்டிலுக்குக் கீழ பாரு."

"பார்த்தாச்சு."

"குனிஞ்சு பாக்கணும். நின்னுக்கிட்டே பார்த்தா எப்படித் தெரியும்?"

அவர் தொழிலே அதுதான். கட்டடம் கட்டுகிற இடத்தில் சூப்பர்வைசர். கல்லுக்கும் சிமெண்டுக்கும் நடுவில் பாதி ஆயுளைக் கழித்திருந்தும் அவருடைய உள்ளங்கை பிறந்த குழந்தையின் பாதம் மாதிரி இருக்கும். வேலையாட்கள் அவருக்கு 'நிழல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வெயில் நகர நகர, நிழல் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் அவர் நாற்காலியும் போகும். நாற்காலியைத் தூக்கிப் போட ஒரு ஆள் தனி.

"கொஞ்சம் எழுந்திருங்க" என்றாள் மனைவி.

"எதுக்கு?"

"சொல்றேன், எழுந்திருங்க."

எழுந்தார். செருப்பு அவர் முதுகுக்கடியில் கிடந்தது, அப்பளமாக நசுங்கி.

"அதான் ராத்திரியெல்லாம் முதுகு வலிச்சுது" என்று அவர் செருப்பின்மேல் குற்றம் சாட்டினார்.

"செருப்பு செத்துப் போச்சு" என்று பையன் உதட்டைப் பிதுக்கினான்.

"சாகல, மயக்கம். அப்பா சரி பண்றேன் பாரு" என்று அவர் செருப்பை வாங்கி வளைத்தார். வார் அறுந்தது. பையன் இப்போது முழுக்குரலில் அழ ஆரம்பித்தான். மனைவி மகளின் தலையிலிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றி, செருப்பைக் காலோடு சேர்த்துக் கட்டினாள். தலைமுடி அவிழ்ந்ததற்காக மகள் அழ ஆரம்பித்தாள். வெளியே பஸ் ஹாரன் இரண்டு முறை அடித்துவிட்டு, பொறுமையிழந்து கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

அது மலையேற்றத்துக்கான பஸ்.

அவர்கள் வந்திருந்தது சுறுசுறுப்பான குடும்பங்களுக்கான விடுதியாம். விளம்பரம் அப்படித்தான் சொன்னது. மலை ஏறலாம், ஏரியில் இறங்கலாம், மண்ணில் புரளலாம், வியர்வையில் குளிக்கலாம். முன்பெல்லாம் இதையெல்லாம் செய்தால் கூலி கொடுப்பார்கள். இப்போது செய்கிறவனே காசு கொடுக்கிறான். ஒரு குடம் தண்ணீரைக் குனிந்து எடுக்காத உடம்புகளுக்கு வருஷத்தில் மூன்று நாள் பாவமன்னிப்பு. முதல் நாளை நம் சூப்பர்வைசர் வந்த களைப்பில் தூங்கிக் கழித்திருந்தார். இரண்டாம் நாளுக்கு 'முழுநாள்' திட்டம் என்று மனைவி பதிவு செய்திருந்தாள்.

"பஸ்ஸும் போச்சு" என்றார் அவர், துக்கம் மாதிரி ஒன்றைக் குரலில் வரவழைத்துக்கொண்டு. "ஒரு செருப்பை எடுத்து வைக்கத் துப்பில்ல. வீட்ல சும்மாதானே இருக்க, இதையாவது ஒழுங்கா செய்யக் கூடாதா?"

பிள்ளைகள் இரண்டும் அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார்கள். அந்தச் 'சும்மா'வுக்கு அப்புறம் வீட்டில் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அப்பாவுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

மனைவி கத்தவில்லை. பெட்டியை மூடினாள்.

"சும்மாதான் இருக்கேன். சரி. நீங்க உழைக்கிற ஆளு. இன்னைக்கு ஒரு நாள், பொழுது சாயற வரைக்கும், பிள்ளைங்களோட நாள் பூரா நில்லுங்க. உக்காரக் கூடாது. போனைத் தொடக் கூடாது. ஜெயிச்சீங்கன்னா நாளைக்குப் பூரா படுத்துக் கிடங்க, யாரும் எதுக்கும் கூப்பிட மாட்டோம்."

அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. ஒரு நாள் முழுக்கத் தூக்கம். யாரும் கூப்பிடாத தூக்கம். மனிதன் வேறு எதற்காகப் பிறக்கிறான்?

"தோத்தா?"

"ஊருக்குப் போனதும் ஞாயித்துக்கிழமைன்னா அடுப்பும் பிள்ளைங்களும் உங்க பாடு. நான் சும்மா இருப்பேன்."

"இவ்வளவுதானே" என்று அவர் போனை எடுத்து நீட்டினார். மகள் அதை வாங்கி அம்மாவின் பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் வருத்தப்பட்டாள். "பஸ் போயிடுச்சு சார். பரவாயில்ல, ஏரிக்கரைல இன்னொரு குழு இருக்காங்க. முன்வாசல் வழியா அப்படியே சுத்திப் போனீங்கன்னா கொடி கட்டியிருக்கும். அங்க சொன்னா சேர்த்துக்குவாங்க."

"சுத்தியா?" என்றார் அவர், வெளியே வந்ததும். "ஏரி இந்தப் பக்கம் தெரியுது. எதுக்கு ஊரைச் சுத்தணும்? நம்மகிட்டயே வழி சொல்றாங்க."

நாள் முழுக்க நிற்க வேண்டிய கால்களை இப்போதே செலவழிக்க அவருக்கு மனமில்லை. குறுக்குவழி பிடித்தார். சமையலறையின் பின்பக்கம், துவைத்த விரிப்புகள் காயும் கொடிகள், காலி டிரம்கள், உடைந்த நாற்காலிகள் எல்லாம் தாண்டி ஒரு இரும்புக் கேட் வந்தது. கேட்டில் ஒரு இளைஞன், பக்கத்தில் ஆரஞ்சு நிறச் சட்டைகள் ஒரு குவியல்.

"முழுநாளா, அரைநாளா?" என்றான் அவன்.

"முழுநாள்" என்றார் சூப்பர்வைசர் பெருமையாக.

"நீங்களும் அக்காவுமா?"

"குடும்பத்தோடதான்."

கேட்காரன் பிள்ளைகளைப் பார்த்தான். "சின்னப் பிள்ளைங்களா இருக்கே. வெயில் அடிக்கும்."

"இதுங்களுக்காகத்தானே தம்பி வந்ததே."

கேட்காரன் முகம் இளகியது. "அதுவும் சரிதாண்ணே. நாம யாருக்காக வர்றோம், எல்லாம் பிள்ளைங்களுக்காகத்தான். ஆளுக்கொரு சட்டை எடுத்துக்குங்க. பிள்ளைங்க கரையிலயே இருக்கட்டும், தண்ணிப் பக்கம் விடாதீங்க."

சட்டையில் யாருடையதோ பழைய வியர்வை வீசியது. சூப்பர்வைசர் மூக்கைச் சுளித்தார். "இவ்வளவு காசு வாங்குறான், துவைக்கக் கூடாதா?"

"இயற்கையோட ஒன்றிப் போங்கன்னு போட்டிருந்தானே. ஒன்றுங்க" என்றாள் மனைவி, தன் சட்டையை மாட்டிக்கொண்டு.

ஏரிக்கரையில் பத்துப் பன்னிரண்டு ஆரஞ்சுச் சட்டைகள் வரிசையாக நின்றன. கரையோரம் முழுக்க ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. நீளமான கழியில் இரும்புப் பல் வைத்த வாரியால் அதை இழுத்துக் கரையில் குவிக்க வேண்டும். கழுத்தில் விசில் தொங்க, தொப்பி போட்ட ஒரு ஒல்லியான ஆள் வரிசையின் முன்னாலும் பின்னாலும் நடந்துகொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் வாய் பேசாமல் இரண்டு வாரிகளை நீட்டினார்.

"இதுதான் பயிற்சியாளர்" என்று சூப்பர்வைசர் மனைவியின் காதில் சொன்னார். "கைக்கும் தோளுக்கும் நல்லது இது. நம்ம ஜிம்காரப் பய இதையே மெஷின்ல வச்சு இழுக்கச் சொல்றான்."

மனைவி சேலையை இழுத்துச் செருகி, தண்ணீரோரம் போய் நின்றாள். பக்கத்தில் நின்ற பெரிய அம்மாள் ஒருத்தி இவள் வாரியைப் பிடித்த விதத்தைப் பார்த்துவிட்டு, "கீழ்க்கையை இன்னும் தள்ளிப் பிடி தங்கச்சி. இல்லாட்டி உள்ளங்கை கொப்பளிச்சிடும்" என்றாள்.

"முதல் தடவைக்கா."

"தெரியுது. பழகிடும்."

"நீங்க அடிக்கடி வருவீங்களா?"

"வருஷா வருஷம் சீசனுக்கு முன்னாடி வந்திடுவோம்."

சூப்பர்வைசருக்கு இது கேட்டது. "விவரமான ஆளுங்க" என்று முணுமுணுத்தார். "சீசனுக்கு முன்னாடி வந்தா எல்லாமே மலிவு."

அவர் வாரியைத் தண்ணீரில் ஒரு தரம் போட்டார், ஒரு தரம் இழுத்தார். வந்தது இரண்டு இலை. அதை ஆராய்ந்து பார்த்தார். பிறகு பழக்கதோஷத்தில் வாரியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டி, வரிசையை மேற்பார்வை செய்ய ஆரம்பித்தார்.

"அந்த மூலையை விட்டுட்டீங்க பாருங்க. ஏம்மா, நீங்க, இன்னும் கொஞ்சம் உள்ள போடுங்க."

விசில் அவர் காதுக்குள்ளேயே அடித்தது.

"யோவ், உன் கை எங்க?"

சூப்பர்வைசர் தன் கையைத் தேடிப் பார்த்தார். பின்னால் இருந்தது.

"முதுகுக்குப் பின்னால கட்டி வச்சா தாமரை தானா நடந்து வந்து கரையேறுமா? இழு."

அவருடைய இத்தனை வருஷ வாழ்க்கையில் அவரை யாரும் இப்படிப் பேசியதில்லை. இப்படிப் பேசியதெல்லாம் அவர்தான். பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார். "தம்பி, நான் முழுநாள் ஆளு. கேட்ல சொல்லலையா?"

"முழுநாள் ஆளுன்னா முழுநாளும் இழுக்கணும்."

திரும்பி வந்தவர் மனைவியிடம் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார். "இப்பல்லாம் கோச்சிங்கே இப்படித்தான். திட்டினாதான் உள்ள இருக்கிற வீரம் வெளிய வருமாம். அதுக்குத் தனிக் காசு."

காசு கொடுத்துத் திட்டு வாங்குவதில் ஒரு கௌரவம் இருக்கிறது. சும்மா கிடைக்கிற திட்டைத்தான் மனிதர்களால் தாங்க முடிவதில்லை.

வெயில் ஏறியது. மகள் கரையில் தம்பியை உட்காரவைத்து, வெளியே வந்து விழும் நத்தைகளுக்கெல்லாம் பெயர் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கண் அப்பாவின் மேலேயே இருந்தது.

"அம்மா, அப்பா சாயறாரு."

"சாயறது உக்கார்றதுல சேராது" என்றார் அவர், வாரியின்மேல் சாய்ந்தபடி.

அவருடைய இடுப்பு இப்போது தனியாகப் பேச ஆரம்பித்திருந்தது. முடிவெடுத்தார். விசில்காரரிடம் போய் இரண்டு கையாலும் முதுகைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பழைய முதுகு வலி. குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றார்.

விசில்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நிமிர்ந்து நிக்கலாமா?"

"நிக்கலாம். நிக்கிறதுல நான் கில்லாடி."

"அப்ப சரி, அங்க போய் நில்லு" என்று மேட்டுப் பக்கம் கைகாட்டிவிட்டு, விசில்காரர் வேறொரு பக்கம் நடந்தார். போகிற போக்கில் காற்றில் ஏதோ சத்தம் போட்டார். "சும்மா..." என்கிற வரைக்கும்தான் சூப்பர்வைசருக்குக் கேட்டது. மீதியைக் காற்று கொண்டுபோயிற்று. அவருக்கு அந்த மீதி தேவையாகவும் இல்லை.

"கேட்டியா?" என்று மனைவியிடம் பூரித்தார். "என்னை மேட்டுல போய்ச் சும்மா இருக்கச் சொல்லிட்டாரு. ஆள் தராதரம் தெரிஞ்ச மனுஷன்."

மேட்டில் போய் நின்றார். நல்ல காற்று. ஒரு மரத்தின் நிழல்கூட இருந்தது. ஆழ்ந்து மூச்சு விட்டார். அப்போது பின்னாலிருந்து யாரோ ஒரு பழைய துணியைப் பாம்புபோலச் சுருட்டி அவர் உச்சந்தலையில் வைத்து அழுத்தினார்கள். அதன்மேல் ஒரு கூடை ஈர மணல் இறங்கியது.

சும்மாடு.

பாரம் தூக்குகிறவர்கள் தலையில் வைக்கும் துணிச்சுருள். அவருடைய கட்டடத்தில் தினமும் ஐம்பது தலைகளில் அவர் பார்ப்பதுதான். ஆனால் காது தனக்கு வேண்டியதைத்தான் கேட்கும். 'சும்மா' கிடைத்ததும் வாசலைச் சாத்திக்கொண்டது, 'டு' வெளியே நின்றுவிட்டது.

"கீழே குழந்தைங்க விளையாடுற குழி இருக்கு. அதுல கொட்டிட்டு வரணும்" என்றான் மணல் அள்ளுகிறவன். "கழுத்தை ஆட்டாதீங்க. மணல் கண்ணுல விழும்."

"எனக்கு முதுகு வலி."

"அதான் தலைல வச்சிருக்கு."

பிள்ளைகளுக்கு இது ஏரியைவிடப் பிடித்துவிட்டது. குழியருகே ஓடி வந்து, அப்பா கொட்டக் கொட்ட மணலில் குதித்தார்கள். மகள் வழி நடுவே நின்றுகொண்டு, அப்பா வரும்போதெல்லாம் கையை வீசி வீசித் திசை காட்டினாள்.

"இந்தப் பக்கம்பா. நிக்காதீங்க. பேசிக்கிட்டே நடக்காதீங்க."

"யாரைப் பார்த்துடி இப்படிக் கத்துக்கிட்ட?"

"உங்களைப் பார்த்துதான். உங்க கட்டடத்துக்குக் கூட்டிட்டுப் போனீங்கள்ல."

பையன் தன் பங்குக்கு ஓடி வந்து, "அப்பா, இதையும்" என்று ஒரு கல்லை நீட்டினான். அவரால் குனிய முடியவில்லை. கூடைக்குள் போட அவனால் எட்டவில்லை. அப்பாவின் கால்சட்டைப் பைக்குள் போட்டான். அடுத்த நடைக்கு இன்னொன்று. மதியத்துக்குள் சூப்பர்வைசரின் கால்சட்டை அவரைவிட்டுப் பிரிந்து போகிற நிலைக்கு வந்துவிட்டது. ஒரு கையால் கூடை, ஒரு கையால் கால்சட்டை.

சாப்பாட்டுக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பொட்டலம். எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர் நின்றபடி சாப்பிட்டார்.

"உக்காருங்க, சாப்பாட்டுக்கு விதிவிலக்கு" என்றாள் மனைவி.

"வேணாம். அப்புறம் அதையே ஒரு காரணமா வச்சு ஞாயித்துக்கிழமை என்னைச் சமைக்க விட்டுடுவ."

உண்மை வேறு. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

வெயில் தணிந்ததும் விசில்காரரைப் பிடித்துக் கேட்டார். "தம்பி, படகு எப்போ?"

படகென்றால் உட்காராமல் முடியாது. அதை மனைவியே கேள்வி கேட்க முடியாது. அவருடைய நம்பிக்கை எல்லாம் இப்போது அதில்தான் இருந்தது.

"படகா? இதோ அடுத்து அதுதான்" என்றார் விசில்காரர்.

சூப்பர்வைசர் சந்தோஷமாகத் தலையாட்டினார். எல்லோரும் வாரிகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தபோது, மெல்லப் படகுக் கொட்டகைக்குள் நழுவினார். உள்ளே குளிர்ச்சி. படகுகள் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒரு படகின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஒரு ஆள் நீட்டிப் படுக்க அளவெடுத்த மாதிரி இடம். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் என்று ஊர்ந்து உள்ளே போனார்.

கூரை திறந்தது.

அவருக்கு அப்படித்தான் தோன்றியது. நான்கு பேர் படகின் நான்கு பக்கமும் பிடித்துத் தூக்கியிருந்தார்கள். கீழே அவர், கையை மடித்துத் தலைக்கு வைத்து, வாய் பிளந்து, குறட்டையின் கடைசிப் பகுதியில் இருந்தார். படகைத் தூக்கியவர்களில் ஒருத்தி அவர் மனைவி.

"அம்மா" என்றாள் மகள், விதியைக் காக்கிறவளின் குரலில். "அப்பா உக்காரல. படுத்திருக்காரு."

சூப்பர்வைசர் அதைப் பிடித்துக்கொண்டார். "பேச்சு என்ன? உக்காரக் கூடாது. படுக்கக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, விட்டாச்சு. ஆனா பொழுது இன்னும் சாயல. எழுந்து வந்து பிடிங்க."

விசில்காரர் சிரிக்கவில்லை. கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "உயரமான ஆளு முன்னால வா" என்றார். "படகு வேணும்னு கேட்டல்ல."

அவர் கேட்ட படகு அவருக்குக் கிடைத்தது, தலைக்கு மேல் கவிழ்ந்தபடி. முன்பக்கம் அவர், பின்னால் இரண்டு பேர். தலை முழுக்கப் படகுக்குள் போய்விட்டதால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் தன் கால்விரல்கள்தான்.

"நேராப் போங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

வழி விஷயத்தில் அவருக்கு அடுத்தவர் சொல்லிக் கேட்டுப் பழக்கமில்லை. "எனக்குத் தெரியும். குறுக்க போனா சீக்கிரம்" என்று இடதுபக்கம் திரும்பினார்.

இடதுபக்கம் சரிவு. சரிவின் விளிம்பில், காலையிலிருந்து எல்லோரும் சேர்ந்து இழுத்துக் குவித்த ஆகாயத்தாமரை ஒரு வீட்டின் உயரத்துக்கு நின்றிருந்தது. படகின் மூக்கு அதில் போய் முட்டியது. ஏதோ தடுக்கிறது என்று அவர் தம் கட்டி இன்னும் பலமாகத் தள்ளினார். அன்று முழுக்க அவர் உண்மையாகவே பலம் காட்டிய இடம் அது ஒன்றுதான். குவியல் மெல்ல அசைந்து, சரிந்து, காலையில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போயிற்று. ஏரி அதை ஒரு பெருமூச்சோடு வாங்கிக்கொண்டது.



"தாமரை வீட்டுக்குப் போயிடுச்சு" என்றான் பையன்.

பெரிய அம்மாள் வாரியை ஊன்றிக்கொண்டு அவரையே பார்த்தாள். "ஏன் தங்கச்சி, வீட்லயும் இப்படித்தானா?"

"வீட்ல இவ்வளவு வேகம் இல்லக்கா" என்றாள் மனைவி.

விசில்காரர் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்தார். பொழுது சாய அதிக நேரமில்லை. சூப்பர்வைசர் நிலைமையைச் சரிசெய்யப் பார்த்தார். "ஒண்ணும் பதறாதீங்க. எல்லாரும் ஒரே சமயத்துல இந்தப் பக்கம் வந்து..." அவர் சொன்னபடி ஐந்து பேர் ஒரே பக்கம் வர, வாரிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. பிரித்தெடுப்பதற்குள் பாதிக் குவியல் நடு ஏரிக்கு மிதந்துவிட்டது.

"நீங்க கொஞ்சம் நகருங்க" என்றாள் மனைவி.

சேலையை முழங்காலுக்கு ஏற்றிக் கட்டினாள். இரண்டு படகுகளைத் தண்ணீரில் இறக்கச் சொன்னாள். படகுக்கு இரண்டு ஆள் ஏறி, மிதந்து போனதைக் கயிற்றால் வளைத்துக் கரைக்குத் தள்ளினார்கள். கரையில் நின்றவர்களை இரண்டு வரிசையாகப் பிரித்தாள். முன்வரிசை இழுக்க, பின்வரிசை அள்ளி மேட்டுக்கு அப்பால் கொட்டியது. பெரிய அம்மாளுக்கு மட்டும் மூச்சு வாங்கியதைப் பார்த்து, அவளைக் கயிற்றுப் பக்கம் மாற்றினாள். நடுவில் மகளுக்குத் தண்ணீர் கொடுத்தாள், மகனின் செருப்பு ரப்பரை இறுக்கினாள், "அங்க வேணாம் கண்ணு, வழுக்கும்" என்று பின்னால் திரும்பாமலே சொன்னாள். தினமும் காலையில் வீட்டில் அவள் செய்வதைத்தான் இங்கே கொஞ்சம் பெரிதாகச் செய்தாள். அதைப் பார்ப்பதற்கு வீட்டில் யாரும் கண் விழித்திருப்பதில்லை.

விசில்காரர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு மறந்துபோய் நின்றார்.

"இதெல்லாம் எங்கம்மா பழகினது?"

"எங்கயும் இல்லங்க. வீட்ல சும்மாதான் இருக்கேன்."

விசில்காரர் அவளைப் பார்த்தார். பிறகு, சேற்றில் நின்று ஒற்றைக் கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தார். மேட்டுப் பக்கம் போனார்.

சூரியன் ஏரிக்குள் இறங்கியபோது கரை சுத்தமாக இருந்தது. கடைசி விசில் அடித்தது. சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது, ஆனாலும் நின்றுகொண்டிருந்தார்.

"ஜெயிச்சாச்சு" என்றார் கரகரத்த குரலில். "நிக்கிறேன் பாரு."

"ஜெயிச்சாச்சு" என்று மனைவி ஒத்துக்கொண்டாள். மகன் அவள் தோளில் தூங்கிவிட்டிருந்தான். அவள் முகத்தில் சேறும், கூடவே இத்தனை நாள் அவர் பார்த்திராத ஒரு தெளிச்சியும் இருந்தன. "நாளைக்குப் படுத்துத் தூங்குங்க. சொன்னா சொன்னதுதான்."

"தூங்கறதுன்னா சாதாரணத் தூக்கம் இல்ல. கதவைத் தட்டக் கூடாது. காபிக்குக்கூட எழுப்பக் கூடாது." வெற்றி அவர் நாக்கை அவிழ்த்துவிட்டிருந்தது. "சும்மா இருக்கிறதுன்னா என்னன்னு நாளைக்கு உனக்குக் காட்டுறேன். அதுக்கும் ஒரு உழைப்பு வேணும். இன்னைக்கு இத்தனை பேருக்கு நடுவுல நாள் பூரா நின்னு ஈடுகொடுத்தேன் பாத்தியா, அந்த மாதிரி ஆளுக்குத்தான் அது சொந்தம்."

மகள் கொட்டாவி விட்டாள்.

கேட்டில் அந்த இளைஞன் ஆரஞ்சுச் சட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தான். மனைவியின் சட்டையை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கினான். சூப்பர்வைசர் தன்னுடையதைக் கழற்றி அவன் தோளில் போட்டு, தட்டிக்கொடுத்தார்.

"தம்பி, ஏற்பாடெல்லாம் பரவாயில்ல. உங்க விசில்காரருக்குத்தான் மரியாதை கொஞ்சம் கத்துக்கொடுக்கணும், வர்றவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு தெரியல. இருந்தாலும் மனுஷன் என்னை மறக்க மாட்டாரு. என்ன சொன்னாரு என்னைப் பத்தி?"

இளைஞன் சட்டையை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். பிள்ளைகளைப் பார்த்தான். பிறகு சூப்பர்வைசரைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே, நாளையிலேர்ந்து உங்களை வேலைக்கு வர வேண்டாம்னுட்டாரு மேஸ்திரி, அக்காவை மட்டும் அனுப்பினாப் போதுமாம், அவங்களுக்கு முழுக்கூலி."